நிமிடத்துக்கு ஒன்றரைச் சுற்று

அத்தியாயம் 7

திருடி என்று பட்டம் கட்ட மேனேஜருக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. காலையில் இசைக் கம்பெனி அலுவலகம் திறந்ததும் ஊழியர்கள் எல்லோரையும் கூடத்துக்கு வரவழைத்தார். டேப் அறைப் பொறுப்பாளரை நடுவில் நிறுத்தினார். "சாவி இவகிட்டதான் இருக்கு. டேப்பைக் காணோம். நான் வேற என்ன சொல்லணும்?" என்றார். பிறகு காப்பி குடிக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் டேப் வராவிட்டால் போலீஸ். இது அவர் காப்பி குடித்துவிட்டு வந்து சொன்னது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. நாங்கள் என்றால் நானும் கட்டையும். கட்டை என் துப்பறியும் தொழிலில் உதவியாளர். என்னைவிட இருபது வயது மூத்தவர். ஹோட்டல் ஒன்றில், சாப்பிடுகிறவர்கள் யாரும் கேட்காத கீபோர்டைப் பல வருஷம் வாசித்தவர். என்னை பாஸ் என்று கூப்பிடுவார். அதில் மரியாதை இருப்பதாக நான் ஒருநாளும் ஏமாந்ததில்லை.

டேப் அறைப் பொறுப்பாளர் கட்டையின் தங்கை. அதனால் இந்த வழக்கில் எனக்குக் கூலி கிடையாது.

அந்த இசைக் கம்பெனியின் டேப் அறை தரைக்குக் கீழே இருந்தது. இரும்பு அலமாரிகள், அட்டைப் பெட்டிகள், மூலையில் இரண்டு பெரிய டேப் மிஷின்கள். தங்கை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கவில்லை. ஆனால் ஒரு பென்சிலை நான்காக உடைத்து மேஜைமேல் வைத்திருந்தாள்.

"நேத்து யார் வந்தாங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர். தங்கக்காதும், கூட ஒரு பல் டாக்டரும்."

"தங்கக்காதா?"

"அப்படித்தான் கூப்பிடறாங்க. கூப்பிட்டா திரும்பியும் பாக்கறாரு."

"காதைக் கழட்டி அடகு வெக்க முடியுமான்னு கேட்டியா?" என்றார் கட்டை.

"அண்ணா, சாயங்காலம் என்னைப் பிடிச்சுட்டுப் போகப் போறாங்க."

"அதுக்குள்ள சிரிச்சுக்கோன்னுதான் சொல்றேன்."

விஷயம் இதுதான். அந்தக் காலத்துப் பாப் குழுக்கள் ஒரு பாட்டை முதலில் சின்ன இசைத்தட்டில் தனியாக விற்பார்கள். அதற்குப் பெயர் சிங்கிள். பிறகு அதே பாட்டை இன்னும் பத்துப் பாட்டோடு சேர்த்துப் பெரிய தட்டில் மறுபடி விற்பார்கள். அது ஆல்பம். சில சமயம் இரண்டும் ஒன்றாக இருக்காது. ஒன்றில் கிடார் கொஞ்சம் நீளும். இன்னொன்றில் முடிவு சீக்கிரம் தேய்ந்து போகும். மனிதர்களில் பெரும்பாலோர் இதைக் கவனிக்காமலே செத்துப்போகிறார்கள். கவனிப்பவர்கள் சங்கம் வைத்திருக்கிறார்கள்.

தங்கக்காது அந்தச் சங்கத்தின் தலைவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். சிங்கிளையும் ஆல்பத்தையும் மாற்றி மாற்றிக் கேட்டு வித்தியாசம் சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லையாம். கம்பெனி இப்போது ஒரு சி.டி. போடுகிறது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு மழைப் பாட்டு. சிங்கிள் வடிவமும் ஆல்பம் வடிவமும் அடுத்தடுத்து வரும். சிங்கிளின் மூல டேப் போன மாதம்தான் பழைய கிடங்கில் கிடைத்தது. ஆலோசனை சொல்ல தங்கக்காதை அழைத்திருந்தார்கள்.

"அவர்தான் முதல்ல கேக்கணும்னு மேனேஜர் சொல்லிட்டார். அதுவரைக்கும் யாரும் அந்த டேப்பை ஓட்டினதே இல்லை. நான் மிஷின்ல மாட்டினேன். அவர் ஹெட்போன் போட்டுக்கிட்டார். ஒரு நிமிஷம் கேட்டிருப்பார். நிறுத்துன்னார். முகமெல்லாம் வெளுத்துப் போச்சு. தண்ணி கேட்டார். நானும் டாக்டரும் மேல போய் எடுத்துட்டு வந்தோம். வந்து பாத்தா டேப்பைக் கழட்டிப் பெட்டிக்குள்ள வெச்சு மூடியிருந்தது. நான் அலமாரியில வெச்சுப் பூட்டினேன்."

"பெட்டியைத் திறந்து பாத்தீங்களா?"

"பாக்கல. காலையில மேனேஜர்தான் திறந்தார். உள்ள டேப் சுத்தாத வெறும் சக்கரம். பாக்காதது என் தப்பு. ஆனா நான் எடுக்கல."

"கையில ஏதாவது வெச்சிருந்தாங்களா?"

"டாக்டர் கையில ஒண்ணும் இல்லை. தங்கக்காது ஒரு சதுரப் பை வெச்சிருந்தார். சின்னத் தட்டு வெக்கற பை. ஒத்துப் பாக்கறதுக்காக அவரோட சிங்கிளைக் கொண்டு வந்திருந்தார்."

நான் ஒரு டேப் சக்கரத்தை எடுத்து ஒரு சின்னத் தட்டின்மேல் வைத்தேன். இரண்டும் ஒரே அளவு.

மேனேஜரின் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறக்குமுன்பே கையை உயர்த்தினார்.

"தங்கக்காது சாரைப் பத்திக் கேக்கறதா இருந்தா வேண்டாம். இந்த டேப் எங்கயாவது கிடைக்குமான்னு இருபது வருஷமா எங்களுக்குக் கடுதாசி போட்டவர் அவர். டேப் காணோம்னு சொன்னதும் போன்ல அழுதார் சார். நிஜமா அழுதார். கடைசியில என்ன சொன்னார் தெரியுமா? தன் வீட்டுத் தட்டுலேர்ந்து எடுத்த காப்பியைத் தரேன், அதையே சி.டி.யில போட்டுக்கோங்கன்னார். அந்த மனசு யாருக்கு வரும்?"

மேஜைமேல் சி.டி.யின் அட்டை கிடந்தது. அச்சாகி வந்துவிட்டது. 'ஒரு பாட்டு, இரண்டு பதிவுகள், இரண்டு இதயங்கள்' என்று தலைப்பு. கீழே தங்கக்காதின் கட்டுரை. சிங்கிளைப் பாடும்போது அந்தப் பாடகி சந்தோஷமாக இருந்தாளாம். குரலில் துள்ளல். பிறகு கல்யாணம் முறிந்ததாம். ஆல்பத்துக்காக மறுபடி பாடியபோது குரல் கனத்து, நடை தளர்ந்து, ஒவ்வொரு சொல்லும் கண்ணீரில் நனைந்து வருகிறதாம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் துக்கம் என்றால் என்ன என்று புரியுமாம்.

எனக்குத் தெரிந்த துக்கத்துக்கு வேகம் எதுவும் கிடையாது. அட்டையைக் கீழே வைத்தேன்.

"அவர் சங்கத்துக்காரங்களுக்குப் போட்டுக் குடுத்த ஒப்பீட்டு சி.டி. ஒண்ணு இருக்கு. கேட்டுப் பாருங்க. அப்புறம் அவரைச் சந்தேகப்பட உங்களுக்கு வாய் வராது" என்று ஒரு டிஸ்கை நீட்டினார் மேனேஜர்.

காரில் போட்டோம். பதினெட்டுப் பாட்டுகள். ஒவ்வொன்றும் முதலில் சிங்கிள், உடனே ஆல்பம். சிங்கிள்கள் தங்கக்காதின் சொந்தத் தட்டுகளிலிருந்து எடுத்தவை. ஆல்பம் வடிவங்கள் கடையில் விற்கும் சி.டி.க்களிலிருந்து எடுத்தவை. நடுநடுவே தங்கக்காதின் குரல் வேறு. தொண்டையைச் செருமிக்கொண்டு, கோயில் சிற்பத்தை விளக்குகிறவர்போல் பேசினார். "கவனியுங்கள். சிங்கிளில் துள்ளல். ஆல்பத்தில் சோர்வு."

இரண்டாவது பாட்டு. "சிங்கிளில் துள்ளல். ஆல்பத்தில் சோர்வு."

"மூணாவதுல என்ன சொல்வார்னு பந்தயம் கட்டலாமா பாஸ்?" என்றார் கட்டை.

"வேண்டாம்."

மூன்றாவது பாட்டு. சிங்கிளில் துள்ளல். ஆல்பத்தில் சோர்வு.

கட்டையின் விரல்கள் டேஷ்போர்டில் இல்லாத கீபோர்டை வாசித்துக்கொண்டிருந்தன. சட்டென்று நின்றன. மறுபடி ஆரம்பித்தன. மறுபடி நின்றன. பொய்ப்பல்லில் கல் சிக்கியவர்போல் முகம் கோணியது.

"என்ன?"

"உக்கார மாட்டேங்குது பாஸ். ஆல்பம் எல்லாம் ஒழுங்கா கீபோர்டு கட்டைமேல உக்காருது. சிங்கிள் ரெண்டு கட்டைக்கு நடுவுல தொங்குது. இப்படிச் சுருதி வெச்சா எந்தக் குழுவாலயும் பியானோவோட சேந்து வாசிக்க முடியாது."

"ஒரு பாட்டு அப்படி இருக்கலாமே."

"ஒண்ணு இருக்கலாம். எந்திரத்தைக் கொஞ்சம் வேகமா ஓட்டிச் சில பேர் அப்படிப் பண்ணுவாங்க. ஆனா இதுவரைக்கும் அஞ்சு பாட்டு, அஞ்சு குழு, அஞ்சு தேசம். அத்தனையும் அதே அளவு மேல தொங்குது."

பிளேயரின் சின்னத் திரையில் பாட்டின் நீளம் தெரிந்தது. நான் வண்டியை ஓரம் கட்டினேன். இரண்டு வடிவத்திலும் வெட்டு எதுவும் இல்லாத பாட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். மூன்று நிமிடப் பாட்டு சிங்கிளில் ஆறு வினாடி குறைவு. இரண்டு நிமிடப் பாட்டு நான்கு வினாடி குறைவு. கட்டை வாயால் கணக்குப் போட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றிலும் நிமிடத்துக்கு இரண்டு வினாடி.

"உலகத்துல உள்ள குழுக்கள் எல்லாம் கூட்டம் போட்டு முடிவு பண்ணியிருப்பாங்களோ?" என்றார் கட்டை.

"பல் டாக்டர் வீடு எங்க?"

"வீடு வேண்டாம் பாஸ். இந்நேரம் கிளினிக்ல யார் வாயிலயாவது கையை விட்டுட்டிருப்பார்."

அப்படித்தான் இருந்தார். நாற்காலியில் ஒரு பெண் வாயைத் திறந்து படுத்திருந்தாள். ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் கொக்கிபோன்ற ஒரு கம்பியை அவள் வாய்க்குள் வைத்துக்கொண்டே, "இப்ப வர்ற தாளம் ஆல்பத்துல கிடையாது, கேக்குதா?" என்று கேட்டார். அவள் "ஆ" என்றாள். பாவம், வேறு என்ன சொல்லமுடியும்?

"நேத்து அந்த டேப்பை நீங்க கேட்டீங்களா டாக்டர்?" என்றேன்.

"இல்லையே. ஹெட்போன் ஒண்ணுதான் இருந்துச்சு. குருதான் கேட்டார்."

"ஒரு நிமிஷத்துல நிறுத்திட்டாராமே. ஏன்?"

"மிஷின் மெதுவா ஓடுதுன்னார். மழைப் பாட்டு சிங்கிளுக்கு அந்த வேகம் கிடையாதுன்னார்."

"நீங்களும் ஒரு தடவை கேட்டிருக்கலாமே."

டாக்டர் என்னைக் கருணையோடு பார்த்தார். "குரு கேட்டாச்சே."

"உங்க காது உங்களுதுதானே டாக்டர்? வாடகைக்கு விட்டிருக்கீங்களா?" என்றார் கட்டை.

"உங்களுக்கு எங்க சங்கத்தோட தரம் தெரியாது. நான் சேந்த புதுசுல குருவோட டிஸ்கையும் என் வீட்டுத் தட்டையும் ஒத்துப் பாத்தேன். ரெண்டும் சேரல. என் தட்டு பின்தங்கிப் பின்தங்கி வருது. ஒரே வெக்கமாப் போச்சு. குருகிட்ட போய்ச் சொன்னேன். சிரிச்சார். பிளேயருக்கு அடியில ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும், அதைத் திருப்பித் தன் டிஸ்கோட சேர்ற வரைக்கும் வேகத்தைக் கூட்டுன்னார். கூட்டினேன். அச்சாச் சேந்துச்சு."

"சங்கத்துல எத்தனை பேர் அந்த ஸ்குரூவைத் திருப்பியிருக்காங்க?"

"எல்லாரும்தான்" என்றார் பெருமையாக. "புதுசா சேர்றவங்களுக்கு முதல் பாடமே அதுதான். எல்லார் பிளேயரும் மெதுவாத்தான் இருந்துச்சு."

நாற்காலியில் இருந்த பெண்கூட வாயை மூடிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் கட்டை காரின் கூரைமேல் தலையை வைத்துச் சத்தம் வராமல் சிரித்தார். தோள்கள் மட்டும் குலுங்கின. பிறகு மணியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. மணி இரண்டே முக்கால்.

"ஓட்டுங்க பாஸ். அவ தைரியசாலி மாதிரி உக்காந்திருக்கா. அது நடிப்பு. எனக்குத் தெரியும்."

தங்கக்காதின் வீட்டில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். பிறகு கையைக் கழுவச் சொன்னார்கள். பிறகு அந்த அறைக்குள் விட்டார்கள். தரையிலிருந்து கூரைவரை தட்டுகளும் சி.டி.க்களும். ஜன்னலே இல்லை. இருந்த ஜன்னலையும் அலமாரி விழுங்கியிருந்தது. நடுவில் ஒரே ஒரு நாற்காலி. இன்னொருவர் உட்கார இடம் இல்லை.

தங்கக்காது உயரமாக, வெளுப்பாக, அயர்ன் பண்ணியதுபோல் இருந்தார்.

"அந்தப் பொண்ணைப் பத்தித்தானே வந்திருக்கீங்க? வருத்தமாத்தான் இருக்கு. இந்த மாதிரி வேலைக்கு இசைன்னா என்னன்னு தெரிஞ்சவங்களைப் போடணும். எடை போட்டுப் பழைய பேப்பர் வாங்கறவங்க மாதிரி ஆளுங்களைப் போட்டா இப்படித்தான்."

கட்டை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

"நாங்க கத்துக்க வந்திருக்கோம் சார். மழைப் பாட்டு சிங்கிளை உங்க தட்டுலயே ஒரு தடவை கேட்டா போதும்."

அந்த வேண்டுகோளை அவர் எந்தக் காலத்திலும் மறுத்திருக்க மாட்டார். வெள்ளை உறை மாட்டிய கைகளால் அலமாரியிலிருந்து தட்டை எடுத்தார். குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் பிளேயரில் வைத்தார். ஊசி இறங்கியது. பாடகி பாடினாள். நல்ல குரல். தங்கக்காது கண்ணை மூடிக்கொண்டார்.

"கேளுங்க. இந்தத் துள்ளலைக் கேளுங்க."

நான் பையிலிருந்து பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து ஓரத்தைக் கிழித்தேன். சுற்றிக்கொண்டிருந்த தட்டின் நடு லேபிளில் அந்தத் துண்டை மெல்லப் போட்டேன். அது ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றியது. கட்டை கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்தார். நான் எண்ணத் தொடங்கினேன்.

தங்கக்காது கண்ணைத் திறந்தார். "என்ன பண்றீங்க? தட்டுல குப்பையைப் போடறீங்க!"

"இந்தச் சின்னத் தட்டு நிமிஷத்துக்கு எத்தனை தடவை சுத்தணும் சார்?" என்றார் கட்டை.

"நாப்பத்தஞ்சு. அது குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"நீங்க எண்ணிப் பாத்திருக்கீங்களா?"

அவர் குனிந்து தட்டைப் பார்த்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஒரு நிமிஷம் ஆச்சு, போதும்" என்று கட்டை கையைக் கீழே இறக்கினார்.

"நாற்பத்தாறரை" என்றேன்.

அறையில் பாடகி மட்டும் பாடிக்கொண்டிருந்தாள். அவளும் கொஞ்சம் வேகமாகத்தான்.

"நிமிஷத்துக்கு ஒன்றரைச் சுத்து அதிகம் சார். உங்க துள்ளல் அவ்வளவுதான். பதினெட்டுப் பாட்டுலயும் துள்ளினது இந்தப் பிளேயர். மழைப் பாட்டுல ரெண்டு பதிவு கிடையாது. ஒரே பதிவுதான். சிங்கிளை நீங்க இதுல கேட்டீங்க, ஆல்பத்தைக் கடை சி.டி.யில கேட்டீங்க. நேத்து மூல டேப்பை ஒழுங்கான மிஷின்ல கேட்டதும் ஒரு நிமிஷத்துல உங்களுக்குப் புரிஞ்சு போச்சு. அந்த டேப் சி.டி.யில வந்தா ரெண்டும் ஒண்ணுன்னு ஊருக்கே தெரியும். உங்க கட்டுரையும் போச்சு, அந்தப் பாடகியோட முறிஞ்ச கல்யாணமும் போச்சு."

"கல்யாணம் முறிஞ்சது உண்மை" என்றார் தங்கக்காது. குரல் சன்னமாக இருந்தது. "அது பத்திரிகையிலயே வந்தது."

"எந்த வருஷம்? ஆல்பம் வந்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவர் பிளேயரை நிறுத்தினார். தட்டை எடுத்து உறைக்குள் போட்டார். அந்த நேரத்திலும் பஸ் டிக்கெட் துண்டை ஒரு சின்னத் தூரிகையால் தட்டிவிட்டார்.

"நீங்க சொல்றது அத்தனையும் ஊகம். டேப் என்கிட்ட இல்லை."

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். தட்டுகள் ஆயிரக்கணக்கில். நான்கு பேர் சேர்ந்து தேடினாலும் விடிந்துவிடும். எங்களுக்கு ஒரு மணிநேரத்துக்குமேல் இல்லை.

கட்டை அலமாரியை நோக்கி நிதானமாக நடந்தார்.

"சார் இந்த வீட்டுல எதையாவது வரிசை மாத்தி வெச்சிருப்பார்னு நினைக்கறீங்களா பாஸ்? தட்டை இங்கேருந்துதான எடுத்தார்? இது மழைப் பாட்டு சிங்கிள் இருந்த இடம். இது மழைப் பாட்டு ஆல்பம். நடுவுல இது என்ன?"

நடுவில் ஒரு புது அட்டைப் பெட்டி. முதுகில் டைப் அடித்த லேபிள்கூட ஒட்டியிருந்தது. கட்டை அதை உரக்கப் படித்தார்.

"'மழைப் பாட்டு, சிங்கிள், மூல டேப். தவறான வேகம்.'"

திருடிய பொருளை அதற்குரிய இடத்தில் அடுக்கிவைத்து, அதன்மேல் அதன் குற்றத்தையும் எழுதி ஒட்டிய திருடனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சோபாவுக்கு அடியில் தள்ளியிருந்தால் தப்பித்திருப்பார். அது அவரால் முடியாது. வரிசை கலைந்துவிடும்.

"நானே வந்து விளக்கறேன்" என்றார் தங்கக்காது. சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

கம்பெனிக்குள் நுழைந்தபோது ஐந்துக்குச் சில நிமிடங்கள்தான் இருந்தன. மேனேஜர் டேப் அறையிலேயே போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தங்கை ஸ்டூலில் இருந்தாள். பெட்டியை அவள் முன்னால் வைத்தேன். என்ன நடந்தது என்று நான்கு வாக்கியத்தில் சொன்னேன். மேனேஜர் தங்கக்காதைப் பார்த்தார். தங்கக்காது மேற்கூரையைப் பார்த்தார்.

"சே சே. பெரியவர் தவறுதலாப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டார். இதைப் போய்ப் பெரிசு பண்ணிக்கிட்டு" என்றார் மேனேஜர்.

"தவறுதலா லேபிளும் ஒட்டிட்டார்" என்றார் கட்டை.

"காலையில போலீஸ்னீங்களே" என்றேன்.

"அது வேற. இப்ப என் கவலை வேற சார். ரெண்டும் ஒரே பதிவுன்னா நான் எப்படி ஒரே சி.டி.யில ரெண்டு தடவை போட்டு விக்கிறது? அட்டை அடிச்சாச்சு. இந்த டேப் கிடைக்காமலே இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்." தங்கையின் பக்கம் திரும்பினார். "இந்தா, நீ இதை உள்ள எங்கயாவது வை. ரெண்டு மாசம் லீவுல போ. காணாமப் போனது போனதாவே இருக்கட்டும்."

"அப்ப நான் எடுத்தேன்னு சொன்னது?"

"அதை யார் ஞாபகம் வெச்சிருக்கப் போறா?"

தங்கை பெட்டியைத் திறந்தாள். டேப்பை எடுத்து மிஷினில் மாட்டினாள்.

"என்ன பண்றே?"

"உள்ள வெக்கறதுக்கு முன்னாடி கடைசி வரைக்கும் ஓட்டிப் பாக்கணும் சார். நேத்து பாக்காம வெச்சதுக்கு இன்னிக்கு அனுபவிச்சேன்."

மழைப் பாட்டு ஸ்பீக்கரில் வந்தது. சரியான வேகத்தில். தங்கக்காது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாட்டு நடந்தது, முடிந்தது. டேப் ஓடிக்கொண்டேயிருந்தது. மேனேஜர் போவதற்குத் திரும்பினார்.

ஸ்பீக்கரில் ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ ஒரு ஆண் ஏதோ சொன்னார். பாடகி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு ஒற்றைக் கிடார். அதே மழைப் பாட்டு மறுபடி தொடங்கியது. தாளம் கிடையாது. பாதி வேகம். வேறு மெட்டில் வளைந்து, வேறு இடத்தில் மூச்சுவிட்டு, அடியோடு வேறு மாதிரிப் பாடினாள்.

இரண்டாவது பதிவு. நிஜமாகவே இருந்திருக்கிறது. தட்டில் ஏறாமல், சுருளின் மிச்சத்தில் கிடந்திருக்கிறது. தங்கக்காது வாழ்க்கை முழுவதும் அடித்துச் சொன்ன அந்த இன்னொரு பதிவு, அவர் திருடிக்கொண்டுபோய் அலமாரியில் வைத்த டேப்பிலேயே இருந்தது. ஒரு நிமிடத்துக்குமேல் அவர் கேட்கவில்லை. அந்தத் துக்கமான பாட்டையும் பாடகி சிரித்து முடித்த கையோடு பாடியிருந்தாள்.

"இது சிங்கிளும் இல்லை, ஆல்பமும் இல்லை" என்று முணுமுணுத்தார் தங்கக்காது. "இதை எந்த வரிசையில வெக்கறது?"

அந்த மனிதரைப் பற்றி எனக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

மேனேஜரின் முகத்தில் கடைத் திறப்பு விழாவே நடந்தது. "யாருமே கேக்காத பதிவு! அட்டைகூட அப்படியே சரியாப் போச்சு! ரெண்டு பதிவு, ரெண்டு இதயம்! ஏம்மா, நிறுத்து, நிறுத்து, முதல்ல ஒரு காப்பி எடு. பத்திரம்."

தங்கை நிறுத்தவில்லை. மிஷினில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அதன்மேல் ஆள்காட்டி விரலை வைத்தாள். அழுத்தவில்லை. வைத்தாள். அது பதிவு செய்கிற பொத்தான். அழுத்திய நொடியிலிருந்து டேப்பில் இருப்பதெல்லாம் அழிந்துகொண்டே போகும். மேனேஜருக்கும் அது தெரியும்.

"காலையில கூடத்துல நின்னாங்களே, அத்தனை பேரையும் இங்க வரச் சொல்லுங்க சார்."

"எதுக்கு? மெயில் போட்டுடறேன்மா. விவரமாப் போட்டுடறேன்."

"காலையில மெயிலா போட்டீங்க?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன். கட்டையைப் பார்த்தார். கட்டை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பாடகி பாடிக்கொண்டிருந்தாள். சுருளில் டேப் மெலிந்துகொண்டே வந்தது.

மேனேஜர் போனை எடுத்தார். ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் பையும் குடையுமாகப் படிகளில் இறங்கி வந்தார்கள். கணக்குப் பிரிவு, விற்பனைப் பிரிவு, வாசல் காவலாளி. அறை நிறைந்து படிவரை நின்றார்கள். எல்லோர் கண்ணும் அவள் விரலில் இருந்தது.

மேனேஜர் மூச்சை இழுத்துக்கொண்டார். "டேப் கிடைச்சிருச்சு இவங்க எடுக்கல நான் காலையில சொன்னது தப்பு எல்லாரும் போகலாம்" என்று ஒரே மூச்சில் கொட்டினார்.

யாரும் நகரவில்லை. அவள் விரலை எடுக்கவில்லை.

"ரொம்ப வேகமா ஓடுது சார்" என்றாள். "மெதுவா ஒரு தடவை."